அண்ணன் மிதித்த கால்

மூலக்குளம்,
26.01.2025, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். அபி தூங்க வேண்டும், அத்தை டி.வி.யை நிறுத்த வேண்டும், அதற்குப் பிறகுதான் இந்த போன் என் கைக்கு வருகிறது. கப்பல் மெயிலில் படம் எதுவும் போகாது, எழுத்து மட்டும்தான் என்றீர்கள். எழுத்திலேயே காட்டப் பார்க்கிறேன்.

நாங்கள் நலம். அபிக்குச் சளி விட்டுவிட்டது. உங்கள் கப்பலை வரைந்து அதற்கு நான்கு சக்கரம் வைத்திருக்கிறாள். ஏன்டி என்றால், "அப்பா சீக்கிரம் வரட்டும்னுதான்" என்கிறாள்.

எழுத வந்தது உங்கள் தம்பி காலைப் பற்றி.

காணும் பொங்கல் அன்று கபடியில் நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை, உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். யாரும் மாறனைப் பிடிக்கவில்லை, யாரும் இடிக்கவும் இல்லை. பின்பக்கமாகத் துள்ளுவதற்கு இடது காலை ஊன்றினார், அவ்வளவுதான். மூங்கில் தெறித்த மாதிரி 'பட்'டென்று ஒரு சத்தம் எனக்கே கேட்டது. உடனே திரும்பி, "எவன்டா கல்லால அடிச்சவன்?" என்று பின்னால் நின்ற தேவதாஸ் சட்டையைப் பிடித்துவிட்டார். அந்த மனிதர் பாவம், "நான் இன்னாத்துக்குடா உன்ன அடிக்கப் போறேன், வேர்க்கடல தின்னுக்கிட்டு நிக்கறேன்" என்று பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். மாறன் மட்டும் காலை ஊன்ற முடியாமல் புழுதியில் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். அத்தை நல்லெண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார், நீங்கள் இடது காலால் மூன்று முறை மிதித்து நீவினீர்கள், மாறன் துண்டைக் கடித்துக்கொண்டார். மறுநாள் நீங்கள் சென்னைக்கு வண்டி ஏறிவிட்டீர்கள்.

மாமா, கோபப்படாமல் படியுங்கள். கல்லடி பட்ட மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை என்பதைச் சுளுக்கென்று யாரும் சொல்வதில்லையாம். குதிகாலுக்கு மேலே கயிறு போல ஒன்று போகிறதே, கெண்டைச் சதையைக் குதிகாலோடு கட்டி வைத்திருப்பது, அது அறுந்தால்தான் அப்படி இருக்குமாம். நான் போனில் படித்தேன், டாக்டர்கள் பேசுகிற வீடியோவும் பார்த்தேன். அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது மாறனைக் குப்புறப் படுக்கச் சொல்லி, இரண்டு கெண்டைக்காலையும் மாற்றி மாற்றி அமுக்கிப் பார்த்தேன். வலது காலை அமுக்கினால் பாதம் தானாகக் கீழே அசைகிறது. இடது கால் அசையவே இல்லை. செத்தது போல் தொங்குகிறது.

வலி குறைந்துவிட்டது, நொண்டி நொண்டி நடக்கிறார். அதனால்தான் அத்தை "சரியாப் போவுது" என்கிறார். ஆனால் நுனிக்காலில் நிற்கச் சொன்னால் முடியவில்லை. கரண்ட் கம்பம் ஏறிப் பிழைக்கிறவர் நுனிக்காலில் நிற்காமல் என்ன செய்வார்? ஆரம்பத்திலேயே காட்டினால் மாவுக்கட்டிலோ ஆபரேஷனிலோ சேர்த்துவிடலாம், நாள் போகப் போக அறுந்த முனை மேலே சுருங்கிக்கொள்ளும், அப்புறம் கஷ்டம் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். அத்தை ஒரே வார்த்தைதான் சொல்கிறார்: "அவன் அண்ணன் மிதிச்சிருக்கான்." அதற்கு மேல் இந்த வீட்டில் பேச்சில்லை. மாறனும் தலையைக் குனிந்துகொள்கிறார்.

நான் சொல்லி எடுபடாது. நீங்கள் இரண்டு வரி எழுதுங்கள், 'இது என் காலுக்கு ஆகிற விஷயம் இல்லை, டாக்டரிடம் காட்டுங்கள்' என்று. நான் அத்தைக்குப் படித்துக் காட்டுகிறேன். இது போதும்.

உங்கள்
சுடர்


கப்பலிலிருந்து,
29.01.2025

அன்பு சுடர்விழிக்கு,

உன் மெயில் கிடைத்தது. இன்ஜின் ரூமில் ஒரு பம்ப் படுத்துவிட்டது, இரண்டு நாளாக அதோடு மல்லுக்கட்டு. அபி வைத்த சக்கரத்தைப் பற்றி எங்கள் சீஃப் இன்ஜினியரிடம் சொன்னேன். அந்த வடநாட்டு ஆள் விழுந்து விழுந்து சிரித்தார்.

நீ பயந்துபோய் இருக்கிறாய். படித்தவர்களுக்கு ஒரு வியாதி, தலைவலி என்று போனில் போட்டால் கடைசியில் சாவு வரைக்கும் கொண்டுபோய் விடும். வலி குறைந்திருக்கிறது, நடக்கிறான் என்று நீயேதான் எழுதியிருக்கிறாய். அறுந்த காலோடு ஒருத்தன் நடப்பானா?

நான் எட்டு வயதிலிருந்து மிதிக்கிறேன். முதலியார்பேட்டையிலிருந்து ஆட்டோ வைத்துக்கொண்டு வந்தாரே பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவர் விசிலடித்துக்கொண்டு போனார், நீயே காபி போட்டுக் கொடுத்தாய். இராமதாஸ் மாமா கழுத்து, கமலவேணி அக்கா தோள்பட்டை, எதையென்று சொல்ல? தலைக்கு முன்னால் கால் வந்து பிறந்தவன் கால் பட்டால் சுளுக்கு நிற்காது என்பது நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இப்போது சொந்தத் தம்பியை மிதித்துவிட்டு அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் ஊர் என்ன பேசும்?

நொச்சி இலை ஒத்தடம் கொடுக்கச் சொல். அம்மா முன்னால் இந்தப் பேச்சை எடுக்காதே. காண்ட்ராக்டரிடம் இன்னும் பத்து நாள் லீவு கேட்கச் சொல்.

முட்டை சாப்பிடு. போன தடவை பார்த்ததற்கு இளைத்திருக்கிறாய்.

அன்புடன்
அன்பழகன்


மூலக்குளம்,
01.02.2025, சனி

மாமாவுக்கு,

முட்டை சாப்பிடுகிறேன். இன்று நடந்ததைக் கேளுங்கள்.

காலையில் நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழே மாறன் அலறுகிற சத்தம். ஓடிவந்து பார்த்தால் அபி சுவரோரமாகச் சுருண்டு உட்கார்ந்திருக்கிறாள், இரண்டு பாதத்தையும் பாவாடைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு. அத்தை குழந்தையின் காலில் எண்ணெய் தடவி, மாறன் குதிகால் மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறார்.

"இன்னாத்துக்கு அத்த இது?" என்றேன்.

"அப்பன் ஊர்ல இல்ல. அவன் ரத்தம்தான இது? அந்த ராசி இதுங்கிட்டயும் இருக்கும்."

"அவ தலை மாத்திப் பொறக்கலியே. ஆபரேசன் பண்ணி எடுத்தது அத்த."

"அதான் ராசிய கெடுத்துட்டீங்க ஆஸ்பத்திரில" என்றார்.

அதற்கு மேல் நானும் பொறுக்கவில்லை. என் பிள்ளையை இதற்கெல்லாம் இழுக்காதீர்கள் என்று கத்திவிட்டேன். "ஒம் புள்ளையா? எம் பேத்தி இல்லியா? ஊரே எம்புள்ள காலுக்குக் காத்துக் கெடக்குது. நேத்து வந்தவ நீ, அவன் கால் ஆவாதுன்ற. புருசன் மிதிச்ச எடத்த இவ அமுக்கிப் பாக்குறாளாம்!" என்றார். நான் அமுக்கிப் பார்த்தது எப்படியோ தெரிந்துவிட்டது. அவர் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

அபி பகல் முழுக்கக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டுதான் போனேன். சாயங்காலம் என் காதருகில் வந்து சொல்கிறாள்: "அம்மா, சித்தப்பா கால்ல பள்ளம் இருக்குதும்மா. என் கால் உள்ள போயிடுச்சி."

 எலும்புக்கு மேலே, கயிறு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம். அஞ்சு வயசுக் குழந்தையின் பாதத்துக்குத் தெரிகிறது, நமக்குத் தெரியவில்லையா?

மாறன் வாசல் விளக்கை மாற்ற ஏணியில் ஏறிப் பார்த்தார் நேற்று, நமக்கெல்லாம் காட்டுவதற்காக. இரண்டாவது படியில் இடது கால் சும்மா மடங்கியது. ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நல்லவேளை, இரண்டாவது படி. கம்பத்து உச்சியாக இருந்தால்? தனியாகக் கேட்டேன், "நீங்களே கிளம்பி வாங்களேன், யார் தடுக்கப் போறாங்க?" என்று. "அண்ணன் காலுக்குக் கெட்ட பேர் வந்துடும் அண்ணி. அம்மாவுக்கு அது ஒண்ணுதான் இருக்குது" என்றார். கால் போகிறவர் பேசுகிற பேச்சா இது? ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னார், அதுதான் தாங்கவில்லை.

உங்களை அவமானப்படுத்த நான் இதைக் கேட்கவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு பேரும் அசைவார்கள். உலகத்தில் வேறு யார் சொன்னாலும் அசைய மாட்டார்கள். எழுதுங்கள் மாமா.

சுடர்


கப்பலிலிருந்து,
04.02.2025

சுடர்விழி,

அபியை அப்படி நிறுத்தியது தப்பு. அம்மாவிடம் நானே சொல்கிறேன். குழந்தையை இனிமேல் அந்தப் பக்கம் விடாதே.

மற்றதற்கு வருகிறேன். நீ கேட்கிற கடிதத்தை என்னால் எழுத முடியாது.

அம்மா என்னைப் பெற்ற கதை உனக்கு முழுசாகத் தெரியாது. அம்மா சொல்லாது. கால் முதலில் வந்து மாட்டிக்கொண்டு இரண்டு நாள். பிள்ளையா தாயா என்று கேட்டார்களாம். அதற்குப் பிறகு மில் மூடி அப்பா வீட்டோடு உட்கார்ந்தது, கடன், அப்பா போனது, எல்லாம் அம்மாதான் தாண்டியது. வாசலில் யாராவது சுளுக்கென்று வந்து நின்றால் அம்மா முகத்தைப் பார்த்திருக்கிறாயா? காசு வாங்கக் கூடாது என்று முதல் நாளே சொன்னதும் அம்மாதான். அம்மா பேரை வைத்து, கொளஞ்சி மகன் கால் என்றுதான் ஊரில் பேர், அன்பழகன் கால் என்று இல்லை. அந்தப் பேரை நானே என் கையால் எழுதி அழிக்க வேண்டுமா? அதுவும் கடல் நடுவில் உட்கார்ந்துகொண்டு, அம்மா முகத்தைக்கூடப் பார்க்காமல்?

நீ என்னை நம்பவில்லை என்பது தெரிகிறது. கல்யாணமான புதிதில் என் காலைக் கேலி செய்தாய், நானும் சிரித்தேன். இப்போது கேலி இல்லை.

பன்னிரண்டாம் தேதி, புதன்கிழமை, கப்பல் கரை தொடும். சிக்னல் கிடைத்ததும் அம்மாவிடம் நானே பேசுகிறேன். அதுவரை யாரும் எங்கேயும் போக வேண்டாம். இது நான் சொல்வது.

அவனுக்குக் கால் விரல்கள் அசைகின்றனவா என்று மட்டும் பார்த்து எழுது.

அன்றைக்கு மிதிக்கும்போது என் காலுக்கு அடியில் என்னவோ இல்லாத மாதிரி இருந்தது. வீக்கத்தில் அப்படி இருக்கும் என்று நினைத்தேன்.

அன்பழகன்


மூலக்குளம்,
09.02.2025, ஞாயிறு

அன்புள்ள மாமா,

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதி எழுதி அழிக்கிறேன். வீட்டில் நானும் அபியும் மட்டும்தான். அத்தையும் மாறனும் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். பதற வேண்டாம், முழுவதும் படியுங்கள்.

நீங்கள் போக வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். அதன் கடைசியில் இரண்டு வரி எழுதியிருந்தீர்களே, காலுக்கு அடியில் ஏதோ இல்லாத மாதிரி இருந்தது என்று. அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அபி சொன்னதையே நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கால் பொய் சொல்லவில்லை மாமா. அது கண்டுபிடித்துவிட்டது, நீங்கள்தான் அதை நம்பவில்லை.

வியாழக்கிழமை காலை அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மாறன் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் போனை எடுத்துக்கொண்டு போய், உங்கள் மெயில் வந்திருக்கிறது, அத்தைக்குப் படிக்கச் சொல்லியிருக்கிறீர்கள் என்றேன். உங்கள் மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாததைப் படித்தேன்.

நான் படித்தது இது: "அம்மா, தம்பிக்கு வந்தது சுளுக்கு இல்ல. மிதிக்கும்போதே என் காலுக்குக் கீழ பள்ளம் தெரிஞ்சிது. வீக்கம்னு நெனச்சிட்டேன். சுளுக்குன்னா என் கால் பாத்துக்கும், அறுந்துபோனத என் கால் ஒட்டாது. அதுக்கு டாக்டர்தான். சுடர் கூட்டிக்கிட்டுப் போவா, நீயும் கூடப் போம்மா."

அத்தை முறத்தைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். "இன்னொரு தபா படி" என்றார்.

மறுபடி படித்தேன். பயத்தில் ஒரு இடம் மாறிப்போய்விட்டது.

"மொதல்ல 'அறுந்துபோனத'ன்ன, இப்ப 'பிஞ்சிபோனத'ன்ற."

"சின்ன எழுத்து அத்த, கண்ணு தெரியல" என்றேன். 

அத்தை முறத்தை ஓரமாகத் தள்ளினார். அப்புறம் முந்தானையை உதறிக் கொண்டையை முடிந்துகொண்டு எழுந்தார். "அவனே சொல்லிட்டான். ஆட்டோவக் கூப்புடு. பிளாஸ்க்க எடுத்துக்க" என்றார். அவ்வளவுதான். இத்தனை நாள் மலையாக நின்றவர், ஆட்டோவில் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மாறன் மட்டும் ஆட்டோவில் என் பக்கம் சாய்ந்து, "அண்ணனுக்கு இவ்ளோ வார்த்த வராது அண்ணி" என்றார். நான் வெளியே பார்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

எலும்பு டாக்டர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். நான் செய்த மாதிரியே குப்புறப் படுக்க வைத்து அமுக்கினார், பள்ளத்தில் விரலை வைத்தார், ஸ்கேனுக்கு அனுப்பினார். முழுவதும் அறுந்திருக்கிறது. நடுவில் இரண்டு விரல் அகலம் இடைவெளி. விரல்கள் அசைகின்றனவா என்று கேட்டிருந்தீர்கள். அசைகின்றன. அதை வேறு தசைகள் பார்த்துக்கொள்ளுமாம், நடப்பதும் அவற்றின் தயவில்தானாம். அதனால்தான் நிறையப் பேர் சுளுக்கென்று விட்டுவிட்டு வருகிறார்களாம். "உடனே வந்திருந்தா பாதத்தக் கீழ சாய்ச்சு வச்சுக் கட்டுப் போட்டே சேர வச்சுப் பாத்திருக்கலாம். இப்ப மேல ஏறிடுச்சு, தெறந்து இழுத்துத்தான் தைக்கணும். இன்னும் ஒரு மாசம் போயிருந்தா வேற எடத்துலேருந்து தசைநாரெடுத்து வைக்கிற வேலையாப் போயிருக்கும்" என்றார்.

ஆபரேஷனுக்குப் பிறகு பாதம் கீழே பார்த்தபடி கட்டு. அப்புறம் ஒரு பூட்ஸ், அதற்குள் குதிகாலுக்கு அடியில் அட்டை அட்டையாக வைத்து, வாரம் போகப் போக ஒவ்வொன்றாக எடுப்பார்களாம். பிறகு பயிற்சி. கம்பம் ஏற ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகலாம், நடுவில் அவசரப்பட்டால் திரும்பவும் அறுந்துபோகும், ரெண்டாவது தடவை இவ்வளவு நல்லாத் தைக்க வராது என்று கண்டிப்பாகச் சொன்னார். ஏறவே முடியாதா என்று மாறன் கேட்டார். "ஒழுங்கா இருந்தா ஏறலாம். ஒழுங்கா இருக்கணும்" என்றார்.

நீங்கள் கேட்கப் போகிற கேள்வியை நானே கேட்டுவிட்டேன், அத்தை மருந்துச் சீட்டோடு வெளியே போயிருந்தபோது. மிதித்ததால்தான் அறுந்ததா என்று. இல்லை மாமா. கல்லடி பட்ட மாதிரி இருந்ததே, அப்போதே அறுந்துவிட்டதாம். மிதித்தது அறுக்கவில்லை. ஆனால் மிதித்ததும், எண்ணெய் போட்டு நீவியதும், நடக்க விட்டதும் முனைகளைச் சேர விடவில்லை என்றார். இதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. இதற்கு மேல் பொய் சொல்ல மாட்டேன். ஒன்று போதும்.

இப்போது நான் தூங்க முடியாமல் கிடப்பதன் காரணத்தைச் சொல்கிறேன்.

அத்தை ஆஸ்பத்திரி வார்டில் அடுத்த கட்டில்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "எம்புள்ள கப்பல்ல இருந்தே கண்டுபுடிச்சிட்டான். மிதிச்சப்பவே அவன் காலுக்குத் தெரிஞ்சிடுச்சி. 'சுளுக்குன்னா நானு, அறுந்துதுன்னா டாக்டரு'ன்னு எழுதிட்டான்." நேற்று கமலவேணி அக்கா பேரன் கணுக்கால் வீங்கி அத்தையைத் தேடி வார்டுக்கே வந்திருக்கிறான். "மொதல்ல படம் எடுத்துப் பாரு, அப்புறமா எம்புள்ள வந்து மிதிப்பான்" என்று அனுப்பிவிட்டார். உங்கள் பேர் அழியவில்லை மாமா. கொளஞ்சி மகன் கால் இன்னும் பெரிதாகிவிட்டது. நான் திட்டம் போட்டு இதைச் செய்யவில்லை. அவரே செய்துகொண்டார்.

ஆனால் புதன்கிழமை நீங்கள் போன் செய்வீர்கள். அத்தை மாறன் போனை ஸ்பீக்கரில் போடுவார். "நீ எழுதனது நல்லதாப் போச்சிப்பா" என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்கும். நீங்கள் "நான் எங்கம்மா எழுதுனேன்?" என்று கேட்டால் என் கதை முடிந்தது. அது போகட்டும், நான் பொய்க்காரி என்று பேர் வாங்கிக்கொள்கிறேன், அது உண்மையும்கூட. பயம் அதுவல்ல. தைத்து ஒரு நாள்தான் ஆகியிருக்கும். உங்கள் வார்த்தை இல்லை என்று தெரிந்தால் அத்தை மாறனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். கட்டைப் பிரித்து எண்ணெய் போட்டாலும் போடுவார். மாறனும் தடுக்க மாட்டார், அண்ணனுக்காக.

நீங்கள் எழுத மறுத்ததை உங்கள் வாயில் வைத்துச் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல், நீங்கள் வேண்டாம் என்ற பிறகு. அதற்கு என்ன கோபம் வேண்டுமானாலும் படுங்கள், லீவில் வந்து நேரில் படுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்த வார்த்தைகளை உங்களுடையவையாக எடுத்துக்கொள்வீர்களா, மாட்டீர்களா? அதை மட்டும் எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாட்டீர்கள் என்றால், நீங்கள் பேசுவதற்கு முன்னால் நான் ஆஸ்பத்திரிக்குப் போய் அத்தை காலில் விழுந்து நானே சொல்லிவிடுவேன், கட்டைத் தொடாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். கேட்பாரா என்று தெரியாது.

கரை தொடுவதற்கு முன்னால், அத்தையிடம் பேசுவதற்கு முன்னால், எனக்கு ஒரு வரி. சீக்கிரம் பதில் எழுதுங்கள் மாமா.

சுடர்